நாப்பத்திரண்டு பேரும் சிரிச்சாங்க

என்னங்கடா மூஞ்சி இது? ஏதோ பலி போடக் கூட்டிட்டு வந்த கெடா மாதிரி வரிசையில நிக்கிறீங்க. டேய் பயில்வான், உன்னத்தான். நேத்து சத்திரத்துல பதினெட்டுக் களி உருண்டைய முழுங்கிட்டு, எவன் வந்தாலும் தூக்கி எறிவேன்னு தொடையத் தட்டுன. இப்ப ஒரு அகல் விளக்கப் பாத்து உனக்கு வேர்க்குது. சட்டி அண்ணே, நீங்க ஏன் சிரிக்கிறீங்க? உங்க சட்டியில எத்தன ஓட்டைன்னு அந்த விளக்குக்குத் தெரியும்ணே. பெரியம்மா, நீங்க கவலப்படாதீங்க, உங்கள உள்ள விட்டுருவாங்க. உங்க ஆட்டத்தான் எனக்குச் சந்தேகம். அது பார்க்குற பார்வையே சரியில்ல.

சரி சரி, உக்காருங்க. வரிசை நகர நேரமாவும். இந்தச் செம்மதில் பட்டணத்துக் காவல் பத்தி எனக்குத் தெரிஞ்ச அளவு உங்க யாருக்கும் தெரியாது, ஏன்னா நான் காலைலேர்ந்து ரெண்டு தடவ போய் ரெண்டு தடவ திரும்பி வந்தவன். இங்க ஈட்டிய நீட்ட மாட்டாங்க. பைய அவுத்துக் கொட்ட மாட்டாங்க. அந்த விளக்குக்காரம்மா இருக்காங்கல்ல, அவங்க எரியிற அகல உங்க உள்ளங்கையில வைப்பாங்க. ஒரே ஒரு கேள்வி. "உள்ள இருக்கிற யாருக்காவது நீ கெடுதல் பண்ணியிருக்கியா?" அவ்வளவுதான். உண்மையச் சொன்னா விளக்கு எரியும். பொய் சொன்னா பொசுக்குன்னு அணைஞ்சிரும்.

கெடுதல் பண்ணியிருந்தாலும் பரவாயில்லயாம், சொன்னாப் போதுமாம். ஆனா அங்கதான் வில்லங்கம். மதில் மேல ஒருத்தன் தொண்டைய வச்சுக்கிட்டு நிக்கிறான் பாருங்க, அவன் நீங்க சொன்னத ஊருக்கே கேக்குற மாதிரி கூவுவான். யாருக்குப் பண்ணீங்களோ அவங்க வந்து "வரட்டும்"னு சொன்னாத்தான் கதவு தொறக்கும். மூணு தடவதான் கேப்பாங்க. மூணாவது தடவையும் அணைஞ்சா ஒரு வருஷத்துக்கு இந்தப் பக்கமே வரக் கூடாது.

எனக்கு ரெண்டு தடவ அணைஞ்சது காத்துனால. சும்மா இருடா பயில்வான், காத்து இருந்துச்சு. உன் உடம்புக்கு அது தெரியாது.

எனக்கு இன்னிக்குப் பொழுது சாயுறதுக்குள்ள உள்ள போயாகணும். எங்க அக்கா உள்ள இருக்கு. அக்கா பொண்ணுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். ஒரே ஒரு தாய்மாமன்தான் இருக்கான், அவன் இங்க உங்க ஆட்டுக்கிட்ட பேசிக்கிட்டு நிக்கிறான். அக்கா ஆள் அனுப்பியிருந்துச்சு. "அவன் வந்தாத்தான் குத்துவேன், இல்லாட்டி என் பொண்ணு கம்மல் போடாமலே வளரட்டும்"னு சொல்லிருச்சாம். பாருங்க, எவ்வளவு பாசம். எவ்வளவு பிடிவாதம்.

அதெல்லாம் விடுங்க. காவல்னா என்னன்னு நான் சொல்றேன். நானே காவக்காரன்தான். சிரிக்காதீங்கண்ணே. மலைக்கு அந்தப் பக்கம் முகட்டூர்க் கோட்டை இருக்கே, அதுக்கு வடக்கு வாசல்ல ரெண்டு வருஷம் நின்னவன் இந்தத் துடியன். அதுக்கு முன்னாடி மந்திரப் பள்ளிக்கூடத்துல இருந்தேன். மூணாவது வருஷம் பாதியில நானே வந்துட்டேன். துரத்தல. அவங்க துரத்துனதும் நான் வந்ததும் ஒரே நாள்ல அமைஞ்சுபோச்சு, அவ்வளவுதான். வாத்தியார் தாடியக் கறுப்பாக்கச் சொன்னாரு, நான் மந்திரத்துல ஒரு எழுத்தக் கூட்டிச் சொல்லிட்டேன், தாடி பூராம் பச்சப்பயறு முளைகட்டிருச்சு. நல்ல சத்தான பயறு. அவர் பொண்டாட்டி சுண்டல் பண்ணுச்சுன்னு கேள்வி. அதுக்குப் போய்க் கோவிச்சா எப்படி?

எங்கப்பா ஆறு மாசம் எங்கூடப் பேசல. அக்காதான் கோட்டைத் தலைவர் வீட்டுக்குப் போய், "எந்தம்பிக்கு வாய் சும்மா இருக்காது, அதனால தூக்கம் வராது, காவலுக்கு நல்லா ஒத்துவரும்"னு சொல்லி வேல வாங்கிக் குடுத்துச்சு. அக்கா பேரு அலரி. பேருதான் பூ. கை நீட்டுனா இரும்பு.

இப்ப முகட்டூர் வாசல் முறையச் சொல்றேன். முன்னாடில்லாம் சொல்லக் கூடாது, சத்தியம் வாங்கியிருந்தாங்க. இப்ப முறையவே மாத்திட்டாங்க, அதனால சொல்லலாம். யாரால மாத்துனாங்கன்னு அப்புறம் சொல்றேன். அவசரப்படாதீங்க.

எங்க மலையில உருமாறின்னு ஒண்ணு திரியும். ஆளக் கண்டா அந்த ஆள் மாதிரியே மாறிரும். மூக்கு, முடி, மச்சம், செருப்புத் தேஞ்ச பக்கம் உட்பட. ஒரு தடவ நாவிதர் வேஷத்துல உள்ள வந்து நாலு மாசம் கட போட்டு உக்காந்திருந்துச்சு, அந்தி வெயிலுக்கு முன்னாடியே கடைய மூடிட்டு உள்ள போய்ப் படுத்துக்கும். கண்டுபிடிச்சுத் துரத்துனப்ப ஊர்ல பாதிப்பேர் அழுதாங்க. நெசமான நாவிதர விட அது நல்லா வெட்டும்.

அத எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுக்கு நாக்குல ருசி கெடையாது. உப்பு, புளி, காரம், ஒண்ணும் தெரியாது. அதனால யாரு புதுசா வந்தாலும் வாசல்ல ஒரு கொத்து வேப்பிலை குடுப்போம். "மெல்லுங்க"ன்னு மட்டும் சொல்லணும். வேற ஒரு வார்த்த கூடாது. மனுசன்னா மூஞ்சி கோணும். உருமாறின்னா என்ன பண்றதுன்னு தெரியாம இளிக்கும். அவ்வளவுதான் காவல்! மத்த கோட்டையெல்லாம் அகழி வெட்டி முதலைய விட்டுச் சோறு போட்டுக்கிட்டு இருக்கான். நாங்க ஒரு மரத்த வச்சே சமாளிச்சோம்.

வாசலுக்கு ரெண்டு ஆளு. ஒருத்தன் இலைக்காரன், ஒருத்தர் முகக்காரர். இலைக்காரன் கீழ நின்னு இலை குடுக்கணும். மூக்கோட வாயோட துண்டக் கட்டிக்கணும், ஏன்னா என் மூஞ்சியப் பாத்து உருமாறி காப்பியடிச்சிரும். முகக்காரர் மதில் மேல வில்லோட நின்னு வந்தவன் மூஞ்சியப் பாக்கணும். நான் இலைக்காரன். மேல நின்னவர் பேரு உறங்காப்புலி. பேரு வச்சவன் வாயில சக்கரைய அள்ளிப் போடணும். மனுசன் கண் இமைக்கிறத நான் பாத்ததே இல்ல. சிரிச்சும் பாத்ததில்ல. அவருக்கு ஒரு கடுகளவு மூஞ்சி சுருங்குனாலும் மேலேர்ந்தே தெரியும். ஒரு நாள் நான் மனசுக்குள்ள அவரத் திட்டுனேன், "என்னடா?"ன்னு கேட்டாரு.

சோதனையில தவறுனா வெட்ட மாட்டோம், பயப்படாதீங்க பெரியம்மா. வாசலுக்கு வெளிய ஆட்டுப்பட்டி மாதிரி ஒரு அடைப்பு. அதுல பொழுது சாயுற வரைக்கும் அடைச்சு வைப்போம். அந்தி வெயில் பட்டா உருமாறிக்கு வேஷம் கலஞ்சிரும். கலையலன்னா மனுசன், மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லி உள்ள விட்டுருவோம். ஆக, தப்பு நடந்தா ஒரு பகல் போவும். உசுருக்கு ஒண்ணும் ஆவாது. இத ஞாபகம் வச்சுக்கோங்க. யாருக்கும் உசுருக்கு ஒண்ணும் ஆவாது.

இப்ப அக்கா கல்யாணத்துக்கு வர்றேன்.

அக்காவுக்கு அது மூணாவது மாப்பிள்ள. முதல் மாப்பிள்ள எங்கப்பா மீசையப் பாத்துட்டு, தண்ணி குடிச்சுட்டு வர்றேன்னு போனவன்தான். இன்னும் குடிச்சுக்கிட்டு இருக்கான். ரெண்டாவது மாப்பிள்ள உருமாறி. ஆமாண்ணே, நெசமா. நான் காவலுக்குச் சேர்றதுக்கு முன்னாடி, முகக்காரருக்குக் கண்ணுவலி வந்த நாளாப் பாத்து உள்ள வந்துருச்சு. நிச்சயம் முடிஞ்சு, தாம்பூலம் மாத்தி, சாப்பாட்டுல பாகக்காப் பொரியல மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டப்பதான் எங்கம்மாவுக்குப் பொறிதட்டுச்சு. அக்கா என்ன சொல்லுச்சு தெரியுமா? "ரெண்டுல இது தேவல, சொன்ன பேச்சக் கேட்டுச்சு"ன்னு சொல்லுச்சு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு. ஆனா அன்னிக்கு ராத்திரி சாப்பிடல.

அப்புறம் நாலு வருஷம் யாரும் கேட்டு வரல. உருமாறிக்கு நிச்சயம் ஆன பொண்ணுன்னு பேராயிருச்சு. அப்பத்தான் இந்தச் செம்மதில்காரரு, வேங்கையன் மாமா, மலைச்சந்தையில அக்காவப் பாத்துட்டு ஆள் விட்டாரு. அக்கா அவர்கிட்ட கத்திரிக்கா பேரம் பேசியிருக்கு. பேரத்துல தோத்துட்டு அந்த மனுசன் கல்யாணத்துக்குக் கேட்டிருக்காரு. ஆனா இந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு கட்டுப்பாடு. குறிச்ச முகூர்த்தம் தவறுனா அது ஆகாத சம்மந்தம். திரும்பக் குறிக்கவே மாட்டாங்க. உச்சிக்கு முன்னாடி தாலி ஏறணும், இல்லாட்டி மாலையக் கழட்டி வச்சுட்டு வந்த வழியே போயிருவாங்க. இது எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

கல்யாணத்தன்னிக்குக் காலைல எனக்கு ரெண்டு வேல. வாசலுக்கு வேப்பிலை பறிக்கணும். கல்யாணச் சமையலுக்குக் கறிவேப்பிலை பறிச்சுக் குடுக்கணும். இலை பறிக்கிறதுல முகட்டூர்ல என்ன அடிச்சுக்க ஆளில்ல. ரெண்டையும் தேக்கு இலையில பொதிஞ்சு நாரால கட்டுவேன். பாக்க ரெண்டு பொட்டலமும் ஒண்ணு மாதிரியே இருக்கும், ஆனா மாறவே மாறாது. எப்படின்னா முடிச்சு. வீட்டுக்குப் போறதுக்குப் பூமுடிச்சு, அக்கா சொல்லிக் குடுத்தது. வாசலுக்குப் போறதுக்கு மாட்டுமுடிச்சு. கண்ணக் கட்டிவிட்டாலும் கை சொல்லிரும். ரெண்டு வருஷத்துல ஒரு நாள் தப்புனதில்ல.

ரெண்டையும் கட்டி வச்சுட்டு அடுப்படியில போய் உக்காந்தேன். அக்கா பாதி அலங்காரத்துல இருக்கு, ஒரு கண்ணுக்கு மை வச்சிருக்கு, ஒரு கண்ணுக்கு வைக்கல. அப்படியே எந்திரிச்சு வந்து எனக்குப் பழையதப் பிழிஞ்சு வச்சுச்சு. கல்யாணப் பொண்ணுடா! நாலு அத்தைங்க கத்துறாங்க. "இன்னிக்காவது அவனே போட்டுத் திங்கட்டும்டீ"ங்குறாங்க. அக்கா காதுலயே வாங்கல.

"இன்னிக்கு முறைய மாத்திக்கிட்டு மண்டபத்துல இருக்கக் கூடாதாடா?"ன்னு கேட்டுச்சு.

"உன் மாப்பிள்ளைய நான்தான் உள்ள கூட்டிட்டு வருவேன். அது என் உரிமை"ன்னேன்.

"அப்ப அவருக்கு இளங்கொழுந்தாப் பாத்துக் குடு. முதல் முதல்ல நம்ம ஊருக்கு வர்றவரு. ரொம்பக் கசக்க வேணாம்."

"அப்புறம் நாளைக்கு எனக்கு யாரு பழையது பிழிஞ்சு வைப்பா?"ன்னு கேட்டேன்.

அக்கா சிரிச்சுச்சு. "உனக்குக் கை இல்லயா?"ன்னுச்சு. அவ்வளவுதான். மை வைக்கப் போயிருச்சு. நான் ரெண்டு பொட்டலத்தையும் எடுத்துக்கிட்டு, ஒண்ண சமையக்கட்டுல போட்டுட்டு, ஒண்ணோட வாசலுக்குப் போயிட்டேன்.

என்ன, எல்லாரும் என்னையே பாக்குறீங்க? வரிசை நகருது, நகருங்க. பெரியம்மா, ஆட்டப் பிடிங்க, என் துண்டத் திங்குது.

ஒம்பது நாழிகைக்கு மேளச் சத்தம் கேட்டுச்சு. மலை வளைவுல மாப்பிள்ள வீட்டுக்காரங்க வர்றாங்க. நாப்பத்திரண்டு பேரு. முன்னாடி தவில், பின்னாடி சீர்த்தட்டு, நடுவுல குதிர மேல வேங்கையன் மாமா, வேர்த்து ஊத்திக்கிட்டு, தலப்பாகை ஒரு பக்கம் சரிஞ்சு. நான் துண்டக் கட்டிக்கிட்டேன். மேல உறங்காப்புலி வில்ல எடுத்தாரு.

முதல் ஆளு மாப்பிள்ளைக்குப் பெரியப்பா. பெரிய தொப்ப, பெரிய மனசு. இலையக் குடுத்தேன். "மெல்லுங்க"ன்னேன். அவங்க ஊர்ல ஒரு மரியாத இருக்கு போல, போற இடத்துல எதக் குடுத்தாலும் சிரிச்ச மொகத்தோட சாப்பிடணும். மனுசன் மென்னாரு. மேலயும் கீழயும் தலைய ஆட்டுனாரு. அப்படியே வாயெல்லாம் பல்லா சிரிச்சாரு.

"ஆகா, என்ன மணம்!"னாரு.

மேலேர்ந்து சத்தம். "ஒண்ணு."

அதுக்கு அர்த்தம் என்னன்னா, ஒரு உருமாறி. பட்டியில தள்ளு. பெரியப்பாவ மரியாதையாப் பட்டிக்குள்ள கூட்டிட்டுப் போனேன். அது ஏதோ வரவேற்புப் பந்தல்னு நெனச்சு அவர் போய்க் கால நீட்டி உக்காந்துட்டாரு.

அடுத்து மாப்பிள்ளைக்கு அத்தை. மென்னாங்க. சிரிச்சாங்க. "ரெண்டு." தவில்காரர் மென்னாரு, தாளம் தட்டிக்கிட்டே சிரிச்சாரு. "மூணு." நாதஸ்வரக்காரர். "நாலு." ஒரு குட்டிப் பாப்பா, "இன்னும் வேணும்"ங்குது. "அஞ்சு." உறங்காப்புலி குரல் பதினேழு வரைக்கும் கல்லு மாதிரி இருந்துச்சு. பதினெட்டுல லேசா நடுங்குச்சு. இருபத்தஞ்சுல, "டேய் துடியா"ன்னாரு. ரெண்டு வருஷத்துல அவர் என் பேரச் சொன்னது அதுதான் முதல் தடவ.

"என்னங்கய்யா?"

"ஒரு கூட்டமே வந்துருக்குடா."

கடைசியா மாப்பிள்ள. குதிரயிலேர்ந்து எறங்கி, தலப்பாகையச் சரிபண்ணிக்கிட்டு, இலைய வாயில போட்டு, என் கண்ணையே பாத்துச் சிரிச்சாரு. "மச்சான்தான நீங்க? துண்டு கட்டியிருந்தாலும் கண்ணு உங்க அக்கா கண்ணு மாதிரியே இருக்கு. இன்னொரு கொத்து கிடைக்குமா?"

"நாப்பத்திரண்டு"ன்னு உறங்காப்புலி அலறுனாரு. அலறிட்டு மணிய அடிச்சாரு.

அந்த மணி முப்பது வருஷமா அடிக்காத மணி. உள்ள குருவி கூடு கட்டியிருந்துச்சு. குருவி, முட்ட, வைக்கோல் எல்லாம் அவர் தலமேலயே விழுந்துச்சு, மனுசன் தட்டிக்கூட விடல. ஊரே மதிலுக்கு ஓடி வந்துச்சு. கையில கிடச்சதத் தூக்கிட்டு வந்தாங்க. ஒருத்தர் உலக்க, ஒருத்தர் முறம். எங்க சின்ன அத்தை தேங்கா துருவியோட வந்து நிக்கிது. உருமாறியத் துருவப் போவுதாம். கோட்டைத் தலைவர் குளிச்சுக்கிட்டு இருந்தவரு, தலையில பாதிச் சீயக்காயோட வந்துட்டாரு. நாப்பத்திரண்டு உருமாறி, சீர்த்தட்டோட, மேளத்தோட! ஒரு குதிர வேற! குதிரைக்கும் இலை குடுங்கன்னு ஒருத்தன் கத்துறான். குடுத்தோம். குதிர சிரிச்சமாதிரிதான் இருந்துச்சு.

பட்டிக்குள்ள இருந்தவங்களுக்கு அப்பத்தான் ஏதோ சரியில்லன்னு உறைச்சுச்சு. மாப்பிள்ள அத்தை எந்திரிச்சு இடுப்புல கை வச்சாங்க பாருங்க. "ஏண்டா, பொண்ணு குடுக்கக் கூப்பிட்டு ஆட்டோட அடைச்சு வச்சிருக்கீங்களா? உங்க ஊர்ல மாப்பிள்ளைக்குப் பாய் போடுவீங்களா, புண்ணாக்கு வைப்பீங்களா?"ன்னு கேட்டாங்க. "அப்படியே மனுசங்க மாதிரியே பேசுதே"ன்னு மதில் மேல ஊரே ஆச்சரியப்படுது. பெரியப்பா மட்டும் பாவம், "அந்த இலை இன்னும் இருக்கா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு.

எங்கப்பா வந்தாரு. பட்டியப் பாத்தாரு. அப்படியே தரையில உக்காந்துட்டாரு. "திரும்பவுமா"ன்னு ஒரே வார்த்ததான் சொன்னாரு. அந்த மீசைக்குப் பின்னாடி அவ்வளவு சின்னக் குரல் இருக்கும்னு எனக்குத் தெரியாது. நாழிகை வட்டில் பாக்குறவர், "உச்சிக்கு இன்னும் ரெண்டு நாழிகை"ன்னு கத்துறாரு. முறைப்படி பொழுது சாயுற வரைக்கும் பட்டியத் தொறக்கக் கூடாது. முகூர்த்தம் போச்சுன்னா சம்மந்தம் போச்சு. எல்லாருக்கும் தெரியும். யாரும் ஒண்ணும் பண்ண முடியல.

நான் என்ன பண்ணேன்னு கேக்குறீங்களா? நான் என்ன பண்ணுவேன்? இலை குடுக்குறதுதான் என் வேல. மூஞ்சி பாக்குறது அவர் வேல. நான் துண்டக் கட்டிக்கிட்டு நின்னேன். துண்டு கட்டியிருந்தா வாசனை எப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்க. எல்லாரும் அப்புறம் என்ன அதத்தான் கேட்டாங்க, "உனக்கு வாசன கூடவா தெரியலடா?"ன்னு. துண்டுங்க. தடிச்ச துண்டு.

இந்தக் கூத்துல உள்ள இன்னொரு கூத்து. மண்டபத்துல முதல் பந்தி உக்காந்திருச்சு. நம்ம ஊர் ஆளுங்க, உருமாறியே வந்தாலும் சாப்பாட்ட விட்டு எந்திரிக்காத சாதி. சாம்பார ஊத்துனாங்க. முதல் வாய வச்சதும் அம்பது பேருக்கும் மூஞ்சி இப்படி, இந்தா, இப்படிக் கோணிருச்சு. ரசத்த ஊத்துனாங்க, அதுக்கு மேல கோணுச்சு. ஒரு தாத்தா கண்ணுலேர்ந்து தண்ணி வருது, "கல்யாணம் நின்னுபோன துக்கம் போல"ன்னு பக்கத்துல இருந்தவன் ஆறுதல் சொல்றான். "துக்கம் இல்லடா, மோர்க்கொழம்பு"ங்குறாரு அவரு. சமையக்காரர் நாலு அடுப்புக்கு நடுவுல நிக்கிறாரு, எந்தக் கையால எந்த இலையக் கிள்ளிப் போட்டோம்னு அவருக்கு எப்படித் தெரியும்?

அக்காவுக்குத் தெரிஞ்சிருச்சு.

கழுத்து நெறைய மாலையோட அக்கா சமையக்கட்டுக்குள்ள போயிருக்கு. ரசத்த ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டு நக்கிப் பாத்திருக்கு. குப்பையில கெடந்த தேக்கு இலையையும் நாரையும் எடுத்துப் பாத்திருக்கு. ரசத் தூக்க ஒரு கையில, கரண்டிய ஒரு கையில எடுத்துக்கிட்டு, கூறப்புடவையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, கல்யாணப் பொண்ணு வாசலப் பாத்து நடந்து வருது. பின்னாடி நாலு அத்தைங்க, "போகாதடீ, பொண்ணு வெளிய வரக் கூடாதுடீ"ன்னு ஓடி வர்றாங்க. தேங்கா துருவியும் வருது.

வந்து உறங்காப்புலியப் பாத்து, "மாமா, திட்டிவாசலத் தொறங்க"ன்னுச்சு. பெரிய கதவுல ஆள் குனிஞ்சு போற மாதிரி சின்னக் கதவு இருக்குமே, அது.

"முறை இல்லம்மா"ன்னாரு.

"மூஞ்சி பாக்குறதுதான உங்க முறை? பாருங்க. நல்லாப் பாருங்க"ன்னு சொல்லிட்டு, அதுவே தாழ்ப்பாளத் தூக்கி, நேரா பட்டிக்குப் போயிருச்சு. என்னக் கடந்துதான் போச்சு. நான் வழி விட்டேன். என்னப் பாக்கல.

வேங்கையன் மாமா எந்திரிச்சு நின்னாரு. அக்கா ஒரு கரண்டி ரசத்த மோந்து நீட்டுச்சு. "குடிங்க"ன்னுச்சு. அவர் வாங்கிக் குடிச்சாரு. அவங்க ஊர் மரியாத இருக்குல்ல, சிரிக்கணும்னு பாத்தாரு மனுசன். ஒரு பக்க உதடு மேல போச்சு, ஒரு பக்க உதடு கீழ போச்சு. கண்ணு ரெண்டும் மூக்குக்குள்ள போயிருச்சு. காது ஆடுச்சு. என் ரெண்டு வருஷ அனுபவத்துல அப்படி ஒரு மூஞ்சிய நான் பாத்ததில்ல. தலப்பாகை தானா அவுந்து விழுந்துச்சு.

"அலரி, இது என்ன?"ன்னாரு, உசுரு திரும்பி வந்ததும்.

"எங்க வீட்டு ரசம்"ன்னுச்சு அக்கா. "தெனமும் இப்படி இருக்காது. பயப்படாதீங்க."

மேலேர்ந்து ஒரு சத்தம் வந்துச்சு. உறங்காப்புலி சிரிக்கிறாரு. சிரிக்கிறாரா அழுவுறாரான்னு யாருக்கும் தெரியல, அவருக்கும் பழக்கமில்லாத வேல. "மனுசன்! மனுசன்!"னு கத்துறாரு. தலமேல வைக்கோலோட. அப்புறம் என்ன, நாப்பத்திரண்டு பேருக்கும் வரிசையா ரசம். நாப்பத்திரண்டு மூஞ்சி கோணுச்சு. ஒவ்வொரு மூஞ்சி கோணும்போதும் மதில் மேல ஊரே குலவ போடுது. பெரியப்பாவுக்குக் கோணவே இல்ல, ஒரு நிமிசம் எல்லாருக்கும் நெஞ்சு நின்னுபோச்சு. அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா, தொப்பையிலேர்ந்து ஆரம்பிச்சு மேல வந்துச்சு பாருங்க ஒரு கோணல்! குதிரைக்கும் குடுத்தோம். அது ரசத்தோட சேத்துக் கரண்டியையும் துப்பிருச்சு.

முகூர்த்தத்துக்குக் கால் நாழிகை இருக்கும்போது தாலி ஏறுச்சு. மாப்பிள்ள மூஞ்சி அப்பவும் முழுசா நேராகல.

பந்தியில எல்லாரும் என்னப் பிடிச்சுக்கிட்டாங்க. "எப்படிடா மாறுச்சு?"ன்னு அப்பா கைய ஓங்கிட்டாரு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அக்கா சொல்லிருச்சு. "விடுங்கப்பா, அவன் எப்பவும் அப்படித்தான். அவசரத்துல பொட்டலத்த மாத்தி எடுத்திருப்பான். என்ன ஆயிருச்சு இப்ப?" அவ்வளவுதான், எல்லாரும் சிரிச்சுட்டாங்க. ஆமா ஆமா, துடியன் அப்படித்தான், தாடியில பயறு முளைக்க வச்சவன்தான்னு. நானும் சிரிச்சேன். என் வேல மட்டும் போச்சு. இப்ப முகட்டூர்ல இலை முறையே இல்ல. வர்றவங்களுக்கு எல்லாம் ஒரு கரண்டி வேப்பரசம். அக்கா கைப்பக்குவம்னு பேரு வச்சிருக்காங்க.

வண்டி ஏறும்போது அக்கா என் கையப் பிடிச்சுப் பாத்துச்சு. இந்தக் கைய, இப்படித் திருப்பி. "உன் முடிச்சு ஒரு நாளும் தப்பாதேடா"ன்னுச்சு. ஏறி உக்காந்திருச்சு. வண்டி போயிருச்சு. அத ஏன் சொல்லுச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

தெரியாதுங்கறேன்ல பயில்வான். ஏன் அப்படிப் பாக்குற? உன் கையில ஒண்ணும் விளக்கு இல்ல.

காலைல முதல் தடவ போனப்ப, "உள்ள யாருக்காவது கெடுதல் பண்ணியிருக்கியா?"ன்னு கேட்டாங்க. "நானா? எங்க அக்கா வீடும்மா இது"ன்னேன். அணைஞ்சுது. ரெண்டாவது தடவ, சரி, முழுசாச் சொல்லிருவோம்னு, "அக்கா கல்யாணத்தன்னிக்குப் பொட்டலம் கைதவறி மாறிருச்சு, அதான்மா நடந்தது"ன்னேன். திரி கருகுற வாசனை வந்துச்சு. துண்டு கட்டாமலே நல்லாத் தெரிஞ்சுது. அந்தம்மா கோவிக்கல. "போய் வரிசையில நின்னு யோசிச்சுட்டு வாப்பா"ன்னாங்க. யோசிக்கிறதுக்குத்தான் உங்ககூட இவ்வளவு நேரம் பேசுனேன். எனக்கு வாயாலதான் யோசிக்க வரும்.

வெயில் சாயுது பாருங்க. உள்ள பாப்பா அழுவுற மாதிரி கேக்குதுல்ல? இல்ல, அது உங்க ஆடா பெரியம்மா? சரி.

கூப்பிட்டுட்டாங்க. இதோ வர்றேம்மா! சட்டி அண்ணே, என் பையப் பாத்துக்கோங்க, பாப்பாவுக்குக் கம்மல் இருக்கு அதுல.

குடுங்கம்மா விளக்க. கேளுங்க. ஆமா, பண்ணியிருக்கேன். மேல இருக்கிற அண்ணனைக் கூவச் சொல்லுங்க, மூணாந்தெரு, அலரின்னு கேட்டாத் தெரியும். பொட்டலம் மாறல. அக்கா மை வைக்கப் போனதும் நான்தான் ரெண்டு முடிச்சையும் அவுத்து மாத்திக் கட்டுனேன். முகூர்த்தம் தவறுனா அக்கா போகாதுன்னு தெரிஞ்சுதான் மாத்துனேன்.